கொடியை விடுங்கள், கம்பம் யார் மண்ணில் நிற்கிறது?

குன்னூர்ப் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கொடியை எடுத்து மேசையில் விரித்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். மேல் மூலையில் பிரிட்டன் கொடி. மழையிலும் பனியிலும் கிடந்து சிவப்பு நிறம் செங்கல் நிறமாக மங்கியிருந்தது. "அமெரிக்கக் கொடியா, சார்?" என்று கேட்டார் என் குமாஸ்தா. சுற்றுலாப் பயணிகளும் அப்படித்தான் நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் நீலகிரி கம்பெனியின் கைக்குப் போனது. 1858 வரை இந்த மலையில் வரி வாங்கியது அவர்கள்தான். "பழைய பங்களாவுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று வாங்கினேன்" என்றார் விடுதிக்காரர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் காலை நடையின்போது அண்ணாந்து பார்த்ததில் வினை தொடங்கியது. ஒரே வாரத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மனு. அடுத்த வாரம், "அவருக்கு இடம் உண்டென்றால் எங்களுக்கும் உண்டு" என்று இரண்டு அமைப்புகள் பக்கத்திலேயே குழி தோண்ட வந்துவிட்டன.

"கொடி ஏற்றுவது குற்றமா ஐயா?" என்று கேட்டார்.

"கம்பம் எங்கே நிற்கிறது?"

"கேட்டுக்கு வெளியே. இரண்டடிதான் இருக்கும்."

வழக்கே அந்த இரண்டடியில்தான் இருந்தது. நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை வைத்துக்கொண்டு சர்வேயர் அளந்தபோது, அவருடைய பட்டா தேயிலை வேலியோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் சாலைப் புறம்போக்கு. கம்பத்துக்கு அவர் போட்ட சிமென்ட் பீடம் வடிகாலின் பாதியை அடைத்திருந்தது. மலைச்சாலையில் வடிகாலை அடைத்தால் தண்ணீர் தார்ச்சாலையின் அடிமண்ணைத்தான் தேடிப் போகும். மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லோருக்கும் துணியின் மேல்தான் கண்.

கொடித் தகராறோடு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வரலாறு பேசுவார்கள். அரை மணி நேரம் கேட்பேன். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்துக்கு வரலாறு தெரியாது. அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் நிற்கிற எதற்கும் ஏழாவது பிரிவில் நோட்டீஸ், பதில் சரியில்லையென்றால் ஆறாவது பிரிவில் அகற்றல். பீடத்தில் கம்பெனிக் கொடி பறந்தாலும் கட்சிக் கொடி பறந்தாலும் அதற்கு ஒன்றுதான். தேசியக் கொடியை ஏற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டிப் புறம்போக்கில் பீடம் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏற்றும் உரிமை வேறு, மண்ணின் மேல் உரிமை வேறு.

அமெரிக்காவில் இதே சிக்கல் ரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி, தென் கரோலினா சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1960களிலிருந்து பறந்தது. 2000இல் அதை இறக்கி, அதே வளாகத்தில் ஒரு போர் நினைவுச்சின்னத்தின் அருகே நட்டார்கள். 2015 ஜூன் மாதம் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் கறுப்பினத்தவர் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்ற பிறகுதான், ஜூலை 10 அன்று அது அங்கிருந்தும் இறங்கியது. தனியார் நிலத்தில் இன்றும் அதை ஏற்றுகிறவர்கள் உண்டு. அரசு வளாகத்தில் பறக்கிற கொடியை மக்கள் அரசின் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேறுபாடு அங்கேதான்.

பாஸ்டன் கதை நம் ஊர் ஜங்ஷன்களுக்கு இன்னும் நெருக்கம். நகர மன்றத்தின் முன் மூன்று கம்பங்கள். மூன்றாவதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். 2005 முதல் 2017 வரை ஏறத்தாழ 50 வகைக் கொடிகள். ஒரு கிறிஸ்தவ அமைப்பு கேட்டபோது மட்டும் கையை விரித்தார்கள். 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் சட்டம் பேச முடியாது. 2025 ஜனவரியில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கம்பங்கள் அத்தனையையும் 12 வாரங்களில் அகற்றச் சொன்னது. அதன் மேல் மேல்முறையீடுகள் நடந்தன. எனக்குப் பிடித்த சொல் அதில் 'அத்தனையையும்'தான். ஒரு கம்பத்தை மட்டும் பிடுங்குகிற அதிகாரி அன்று மாலையே அடுத்த கலவரத்துக்கு நாள் குறித்துவிடுகிறார்.

பிடிக்காத கொடி புறம்போக்கில் நின்றால் இரவில் போய் அறுக்காதீர்கள். அறுத்தவர் மேல்தான் முதல் வழக்கு வரும், கொடிக்காரர் தியாகியாகிவிடுவார். புலப்படத்தின் நகலை இணைத்துத் தாசில்தாரிடம் மனு கொடுங்கள், கையெழுத்திட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் கொடியின் பெயரை எழுத வேண்டியதே இல்லை.

விடுதிக்காரர் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கவில்லை. குழாயைத் தரைமட்டத்தில் அறுத்து எடுத்துவிட்டு, கொடியைச் சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினார். கீழே அது யாருடைய கொடி, அதன் கீழ் இந்த மலையில் என்ன நடந்தது என்று பத்து வரி எழுதித் தந்தவர் அந்த வரலாற்று ஆசிரியர்தான்.

நாற்பது நாள் கழித்து விடுதிக்காரர் மறுபடியும் வந்தார். அதே பீடத்தில் வேறொரு அமைப்பு புதுக் கம்பத்தைச் செருகிவிட்டது. நோட்டீஸ் மட்டும் இவர் பெயருக்கு வந்திருந்தது, பீடம் கட்டியவர் இவர் என்பதால்.

"பீடத்தை உடைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"நல்ல சிமென்ட் ஐயா, உடைக்க மனம் வரவில்லை" என்றார்.