பேஸ் லைன்: 'அடிக்கோடு' அல்ல, மந்தர ஓட்டம்

பாட்டின் அடியில் ஓடும் தாழ்சுர வரிசையை ஆங்கிலத்தில் பேஸ் லைன் (bass line) என்பார்கள். அதைத் தமிழில் 'அடிக்கோடு' என்று மொழிபெயர்த்து, கிட்டார் கற்கத் தொடங்குபவர்களுக்காக எழுதப்படும் பாடங்களில் 'அடிக்கோட்டை வாசித்துப் பழகுங்கள்' என்று எழுதுவதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டேன். அடிக்கோடு எழுத்தின் கீழே இழுப்பது. இசையில் அதற்கு வேலையில்லை.

பேஸ் (bass) என்ற இசைச்சொல், 'தாழ்ந்த, தடித்த' எனப் பொருள்படும் லத்தீன் பாஸுஸ், இத்தாலிய பாஸோ வழி வந்தது. அடித்தளத்தைக் குறிக்கும் பேஸ் (base) கிரேக்க வேரிலிருந்து வந்த வேறு சொல். உச்சரிப்பு மட்டும் ஒன்று. காதில் விழுந்ததை வைத்து 'அடி' என்று எழுதிவிட்டார்கள்.

இதனால் விளையும் கேடு சிறியதல்ல. கிட்டாரை மடியில் வைத்தால் தாழ்ந்த சுரம் தரும் தடித்த ஆறாம் கம்பி மேலே, முகத்துக்கு அருகில் இருக்கிறது. மெல்லிய முதல் கம்பிதான் தரைப்பக்கம். 'அடி' என்று படித்தவரின் விரல் நேரே முதல் கம்பிக்குப் போகும். என் விரலும் அப்படித்தான் போனது.

ப்ளூஸ் இசையின் துள்ளலான பியானோ பாணியான பூகி-வூகியையே பாருங்கள். பியானோவில் இடக்கை விடாமல் வாசிக்கும் தாழ்சுர அமைப்பு அதன் உயிர். 1928இல் பியானோ கலைஞர் பைன்டாப் ஸ்மித் செய்த ஒலிப்பதிவால் அந்தப் பெயர் பரவியது. கிட்டாரில் ஐந்தாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டுங்கள். அதே கம்பியில் 4ஆம் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள உலோகப் பட்டைகளால் பிரிந்த கட்டம்). பிறகு நான்காம் கம்பியில் 2, 4, 5. திரும்பும்போது 4, 2, மறுபடி ஐந்தாம் கம்பியின் 4. ச க ப த நி த ப க. எட்டுச் சுரங்கள், ஒரு பார் (தாளத்தின் ஒரு அளவு) முடிந்தது. (வலஜி ராகம் பாடுபவர்களுக்கு இவை பழகிய சுரங்கள்.) ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் இதைக் கோடு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? இது ஓட்டம். தாழ்சுரத்துக்கு மந்தரம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே மந்தர ஓட்டம்.

'மெலிவு' என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்க மந்தரம் எதற்கு என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். மெலிவு, சமன், வலிவு (தாழ், நடு, உச்ச சுரங்கள்) என்ற வரிசை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இன்று மெலிவு என்றால் இளைப்பு. இருப்பதிலேயே தடித்த கம்பிகளைக் காட்டி 'மெலிவு' என்றால் மாணவர் குழம்புவார். 'ஓட்டம்' என்பதற்குப் பதில் 'நடை' என்பதும் ஆகாது. பூகியின் துள்ளலை விளக்க, தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை என்று சொல்லியாக வேண்டும், ஒரே பாடத்தில் நடைக்கு இரண்டு பொருள் கூடாது.

'பூகியின் ஒரு சுற்றான 12 பாரும் முடியும்வரை மந்தர ஓட்டம் அறுபடக் கூடாது' என்று எழுதிப் பாருங்கள். எந்தக் கம்பியில் கை வைப்பது என்று மாணவர் தேட வேண்டியிருக்காது. கிட்டாரைத் தொடாமலேயே பாடத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்?