கண் விழித்துக் களைத்த காவல்

கொழும்புக் கிளினிக்குக்கு இரவு பஸ் ஏறும்போது, ஒட்டுசுட்டானில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் மகனின் காலை மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போவார். மகனுக்கு ஏழு வயது. தாய் கொடுத்த சிறுநீரகம் அவன் அடிவயிற்றில் வேலை செய்கிறது. மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பிசகாமல் கொடுக்கிற மாத்திரை அது. கிளினிக் நாளில் மட்டும் இரத்தம் எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். முந்தின மாலை போட்ட மருந்து இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்காக அந்தக் காத்திருப்பு. அதே ஊசியில் இன்னொரு குழாயும் நிரம்பும். அது ஒரு வைரஸை எண்ணிப் பார்ப்பதற்கு.

வன்னியில் சிறுநீரக நோய் என்றால், வவுனியாப் பக்கத்தில் வயலில் உழைக்கும் பெரியவர்களைப் பிடிக்கும் நோய்தான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளின் கதை வேறு. சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே உள்ள அடைப்பும் குறைபாடும்தான் பல பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் எல்லாம் முடிந்தது என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் அன்றுதான் வேறொரு காவல் தொடங்குகிறது.

அந்த வைரஸின் பெயர் எப்ஸ்டைன் பார். 1964 இல் அந்தனி எப்ஸ்டைன், இவோன் பார், பேர்ட் அச்சொங் ஆகிய மூவரும், ஆபிரிக்கப் பிள்ளைகளின் தாடையில் வளர்ந்த ஒரு புற்றுக் கட்டியின் கலங்களில் இதைக் கண்டார்கள். மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபட்டதாக அறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான். பயப்பட வேண்டாம். வளர்ந்தவர்களில் 100 பேரில் 90 பேருக்கும் மேல் இதைச் சுமக்கிறார்கள். இது எச்சிலில் பரவும். சோற்றைக் குழைத்து, சூடு பார்க்க உதட்டில் வைத்து, பிறகு ஊட்டிவிட்ட கையிலிருந்துதான் நம்மில் பலருக்கு வந்திருக்கும். சிறு வயதில் வந்தால் ஒரு காய்ச்சல், அல்லது அதுகூட இல்லை.

வந்தது திரும்பிப் போவதில்லை. பி கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். கோரை பிடுங்கியவர்களுக்கு இது புரியும்: மேலே வயல் துப்புரவாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். வைரஸ் புகுந்த பி கலம் ஓயாமல் பெருகப் பார்க்கும். அதைத் தேடிக் கொல்வது ரி கலங்கள் என்னும் இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களின் வேலை. நம் உடம்பில் அந்தக் காவல் ஆயுள் முழுதும் நடக்கிறது.

மாற்று உறுப்பை அந்நியம் என்று தாக்குவதும் இதே ரி கலங்கள்தான். அதனால்தான் டக்ரோலிமஸ் என்ற அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். 1984 இல் ஜப்பானின் சுகுபா என்ற இடத்து மண்ணில் வாழும் ஒரு பக்ரீரியாவிலிருந்து கண்டெடுத்த மருந்து இது. ரி கலம் பெருகுவதற்கு வேண்டிய சமிக்ஞையை அது உள்ளே வைத்தே தடுக்கிறது. சிறுநீரகம் தப்புகிறது. வைரஸும் தப்புகிறது.

பெரியவர் ஒருவருக்கு உறுப்பு மாற்றும்போது, இந்த வைரஸை முன்பே சந்தித்துப் பழகிய ரி கலங்கள் பெரும்பாலும் அவரிடம் இருக்கும். சின்னப் பிள்ளையிடம் அவை இல்லாமல் இருக்கலாம். கொடுத்த உறுப்பிலேயே வைரஸும் பயணம் செய்து வரக்கூடும் என்பதுதான் என் நெஞ்சை அறுக்கும் செய்தி. காவல் கட்டுண்டிருக்கும் நேரத்தில் முதல் தொற்று வருகிறது. அப்போது பி கலங்கள் கட்டுமீறிப் பெருகி நிணநீர்ப் புற்றாகவும் மாறலாம். முதல் ஆண்டில்தான் ஆபத்து மிக அதிகம். கழுத்தில் நெறி கட்டுவது, விடாத காய்ச்சல், மெலிவு, முன்பு இல்லாத குறட்டை ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. குறட்டை எதற்கு என்று கேட்பீர்கள். தொண்டைச் சதை வீங்கி மூச்சை மறிப்பதன் சத்தம் அது.

இதில் ஒரு புதிர் உண்டு. சில பிள்ளைகளின் இரத்தத்தில் வைரஸ் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக்கூட நிறைந்திருக்கும். பிள்ளையோ ஓடி விளையாடும். அப்படிப்பட்ட பிள்ளைகளின் ரி கலங்களை எடுத்துப் பார்த்தபோது, அவை ஆளில்லாத காவலாக இருக்கவில்லை. வைரஸை அடையாளம் காணும் கலங்கள் இருந்தன, ஆயத்தமாகவும் தெரிந்தன. ஆனால் ரி கலத்தைத் தடுத்து நிறுத்தும் பி.டி.-1 என்ற புரதம் அவற்றின் மேற்பரப்பில் ஏறியிருந்தது. எதிரியைத் தாக்கும் வலு குன்றியிருந்தது. யானைக்காக மரத்துப் பரணில் இரவிரவாகக் கூவிக் காவலிருந்தவரை விடியலில் பார்த்தால் தெரியும். ஆள் இருப்பார், கண் திறந்திருக்கும், தொண்டையில் சத்தம் வராது. இந்த நிலையைக் கலத்தின் களைப்பு என்கிறார்கள்.

பி.டி.-1 ஐ 1992 இல் கண்டறிந்தது ஜப்பானிய விஞ்ஞானி தசுகு ஹொஞ்சோவின் ஆய்வுக்கூடம். அந்தத் தடையை எடுக்கும் மருந்துகள் புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றின. 2018 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுத்தால், விழித்தெழும் ரி கலங்கள் வைரஸோடு நிற்காமல் சிறுநீரகத்தின் மீதும் பாயக்கூடும். களைப்பு ஒரு வகையில் அந்த உறுப்புக்குக் காப்பும்கூட.

  

ஆகவே வைத்தியர்கள் முதலில் செய்வது, வைரஸ் ஏறினால் மருந்தை மெல்லக் குறைப்பதுதான். அதோடு உறுப்பு நிராகரிப்பின் அறிகுறி வருகிறதா என்று பார்த்தபடியே இருப்பார்கள். பி கலங்கள் கட்டியாகிவிட்டால் அவற்றை அழிக்கும் ரிற்றுக்சிமாப் ஊசி இருக்கிறது. ஆரோக்கியமான வேறொருவர் கொடுத்த ரி கலங்களை ஆய்வுக்கூடத்தில் வைரஸுக்கு எதிராகப் பழக்கி ஏற்றும் சிகிச்சைக்கு ஐரோப்பா 2022 இல் அனுமதி கொடுத்தது. அது நம் ஊர் வாட்டுக்கு வரும் நாளை ஆசையோடு எதிர்பார்க்கிறேன்.

மருந்தைக் குறைப்பது வைத்தியரின் கையில் மட்டுமே. "பிள்ளை நல்லாய்த்தானே இருக்கிறான், ஒரு நேரம் விட்டால் என்ன" என்று அயலவர் சொன்னபோது அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. கிளினிக்கில் இரண்டு குழாயும் நிரம்பி, பஞ்சை அழுத்திப் பிடித்த பிறகு, கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். மகன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தான். அவர் போனில் மாலை ஆறு மணிக்கு அலாரம் வைத்தார்.