ஆளணி: 'கேடர்' என்பதற்கு நம்மிடமுள்ள சொல்

"பல் டாக்டருக்கு கேடர் இல்லை." பதுளையிலும் நுவரெலியாவிலும் கந்தோர்களில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. கேடர் (cadre) என்பது இலத்தீனில் சதுரத்தைக் குறித்த சொல். அது இத்தாலியம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் 'சட்டகம்' ஆனது. பிறகு படைப்பிரிவில் நிரந்தரமாக இருக்கும் அதிகாரிகளைக் குறித்தது. அரச சேவையில் அதன் பொருள், ஒப்புதல் பெற்ற பதவிகளின் எண்ணிக்கை.

இலங்கைத் தமிழில் இதற்கு ஆளணி என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆள் + அணி. அணி என்றால் வெறும் கூட்டமல்ல, ஒழுங்குபட்ட வரிசை. தமிழ்நாட்டில் 'பணியிடங்கள்' என்பார்கள். அங்கே கேடர் என்றால் பெரும்பாலும் கட்சிக்காரர்தான். மனிதவலு வேறு: அது நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுபவர்களால் மனிதவலு கூடும். மஸ்கெலியாவில் பதவி இல்லாவிட்டால் அங்கே ஆளணி கூடாது.

பல் சுகாதாரத்தில், யார் எந்த வேலையைச் செய்வது என்ற இந்த வரிசை முக்கியம். 3 முதல் 13 வயதுப் பிள்ளைகளைப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பார்க்கலாம். நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய முறை அது. எல்லாவற்றுக்கும் பல் வைத்தியரே வேண்டியதில்லை.

தேவையை எப்படிக் கணக்கிடுவது? ஒரு தேயிலைத் தோட்டத்தில் 500 பிள்ளைகள், ஆளுக்கு 2 சொத்தைப் பல் என்று வைத்துக்கொள்வோம். அடைக்க ஒரு பல்லுக்கு 25 நிமிடம், பரிசோதனைக்கு ஆளுக்கு 10 நிமிடம். மொத்தம் 30,000 நிமிடம், அதாவது 500 மணித்தியாலம். நாளுக்கு 4 மணித்தியாலம் சிகிச்சை நடந்தால் 125 நாள். பல் கருவிகளை இயக்கும் காற்றழுத்தி (கம்ப்ரெசர்) பழுதானால் பதவியில் ஆள் இருந்தும் அந்த நாள் போய்விடும்.

கணக்கு பிழைப்பது பெரும்பாலும் வேறிடத்தில். கிளினிக் காலையில், கொழுந்து எடுப்பதும் காலையில். பல்லுக்காகப் போனால் அரைப்பேராவது (அரைநாள் சம்பளம்) போகும். அதனால் பல் வலியைப் பொறுத்துக்கொண்டு கொழுந்து எடுக்க மலைக்கே போகிறார்கள். பதிவேட்டில் வரவு குறைகிறது, அதைப் பார்த்துத் 'தேவை குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். வந்தவர்களின் தொகை வேறு, வாயிலுள்ள தேவை வேறு. வெற்றிலையும் பாக்கும் போடுபவர்களின் கன்னத்து உள்பக்கத்தில் வரும் வெள்ளைத் திட்டு வலிக்காது. அது எந்த வரவிலும் தெரியாது, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடும்.

பல் சிகிச்சைக்கு ஆள் கேட்டு மனு எழுதும்போது இந்த நான்கையும் பிரித்து எழுதுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, கடமையில் இருப்போர், வெற்றிடம், வேலை செய்யும் பல் நாற்காலி.