லாங்கேஸ் கிளாக்: தமிழில் நெடுங்கூட்டுக் கடிகாரம்

ஆளுயரத்தைத் தாண்டும் மரக்கூடு, உச்சியில் முகப்பு, உள்ளே நீண்ட ஊசலும் கயிற்றில் தொங்கும் எடைகளும். இங்கிலாந்தில் இதற்குப் பெயர் லாங்கேஸ் கிளாக். 'லாங்' நெடியது, 'கேஸ்' கூடு. 'கிளாக்' மட்டும் கொஞ்சம் சுவையானது: மணியைக் குறித்த இடைக்கால லத்தீன் 'க்ளோக்கா'விலிருந்து வந்த சொல் அது. ஈழத்தில் வழங்கும் 'மணிக்கூடு' கிட்டத்தட்ட அதே எண்ணத்தில் பிறந்திருக்கிறது. 'கடிகாரம்' வேறு வழி. அதில் இருப்பது கடிகை, அதாவது 24 நிமிட நாழிகை.

தமிழில் இதைத் 'தாத்தா கடிகாரம்' என்று எழுதுகிறார்கள். கிராண்ட்ஃபாதர் கிளாக்கை அப்படியே பெயர்த்தது. அமெரிக்கர் ஹென்றி கிளே வொர்க் 1876இல் வெளியிட்ட பாட்டுதான் அந்தப் பெயரைப் பரப்பியது. பொருளோ அதைவிட 200 ஆண்டு மூத்தது. குட்டையான வகையைப் 'பாட்டி' ஆக்கியதும் அதைப் பின்பற்றித்தான். இந்த உறவுமுறை நமக்கு வேண்டாம்; நெடுங்கூட்டுக் கடிகாரம் என்போம்.

பெயரில் கூடு இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். 1658இல் லண்டனில் கடிகாரம் செய்பவரான ஃப்ரொமன்டீல் அதை விளம்பரப்படுத்தினார். அன்றைய ஊசல் குட்டை, வீச்சோ அகலம். கூடு நீண்டது எடைகள் இறங்க இடம் வேண்டித்தான். 1670 வாக்கில் நங்கூர வடிவத் தடுப்பு வந்தது. அது பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும். கடிகாரம் செய்பவர் வில்லியம் கிளெமென்ட், அறிவியலாளர் ராபர்ட் ஹூக் இருவர் பெயரும் அதற்குச் சொல்லப்படுகின்றன. அதனால் ஊசலின் வீச்சு சில பாகைக்குள் அடங்கியதால், நொடிக்கு ஒரு முறை வீசும் 99.4 செ.மீ. ஊசல் அந்த ஒடுக்கமான கூட்டுக்குள் பொருந்தியது.

முகப்பில் டாம்பியன், கிரகாம் என்று பார்த்தால் அது உள்ளிருக்கும் பொறியைச் செய்தவர் பெயர். கூட்டைச் செய்த தச்சர் பெரும்பாலும் பெயரில்லாதவர்.

ஆனால் கூடு ஆடினால் கடிகாரமே நின்றுவிடும். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் வகை அந்த எட்டு நாள் முடியும் தறுவாயில் நிற்கிறதென்றால் பொறியைக் கழற்றுவதற்கு முன் கூட்டைப் பாருங்கள். அப்போது எடைகள் ஊசல்குண்டின் மட்டத்துக்கு இறங்கியிருக்கும். தளர்ந்த கூடு அசைய, அவையும் ஊசலோடு சேர்ந்து ஆடி அதன் விசையை உறிஞ்சிக்கொள்ளும். முதுகுப் பலகையைச் சுவரோடு திருகி இறுக்கினால் தீரும். நேரம் பிசகுவது வேறு சங்கதி: குண்டு 1 மி.மீ. இறங்கினால் நாளுக்குச் சுமார் 43 நொடி பின்தங்கும். அடியிலுள்ள மரையைத் திருகிக் குண்டை ஏற்ற வேண்டும்.