மருந்துக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

பெடாகுவிலின் என்றொரு காசநோய் மாத்திரை. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு இன்று மருத்துவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதன் மூலக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலை 18 அன்று முடிந்தது. அடுத்த மாதக் கடைசியில், வளரும் நாடுகளுக்குக் காசநோய் மருந்து வாங்கித் தரும் குளோபல் டிரக் ஃபெசிலிட்டி புதிய டெண்டர் விலைகளை அறிவித்தது. ஆறு மாத சிகிச்சைக்கு முன்பு 289 டாலர். புதிய அறிவிப்பில் லூபின் நிறுவனத்தின் ஜெனரிக் மாத்திரை, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி தயாரித்தது, 194 டாலர். அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மாத்திரையை 130 டாலருக்கே இறக்கிவிட்டது.

போட்டிக்கு ஆள் வந்தால் விலை இறங்கும் என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் போட்டிக்கு ஆள் எந்தத் தேதியில் வரலாம், எந்த நாட்டில் வரலாம், வந்தால் யார் வழக்குப் போடுவார்கள் என்பதெல்லாம் மருந்துப் பெட்டியில் எழுதியிருக்காது. அது காப்புரிமை ஆவணங்களுக்குள் இருக்கிறது. அவை ரகசியமானவையும் இல்லை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். படிப்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

காப்புரிமை என்பது ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பை, அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்யாமல், விற்காமல் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. எழுதிக் கொடுத்தது பொதுவாக 18 மாதங்களில் எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். தடுக்கும் உரிமையை நிறுவனங்கள் ஒரு நாளும் மறப்பதில்லை. படிக்கும் உரிமை நமக்கு இருப்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

உலகம் முழுவதற்குமான காப்புரிமை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த நாட்டில் உரிமை காலாவதி. ஆகவே ஒரே மாத்திரைக்கு ஒரு நாட்டில் காப்புரிமை உயிரோடு இருக்கும், பக்கத்து நாட்டில் யாரும் விண்ணப்பித்தே இருக்க மாட்டார்கள். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு உலக வர்த்தக அமைப்பு 2033 ஜனவரி 1 வரை மருந்துக் காப்புரிமையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. மனை வாங்குகிறவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போல, மருந்து வாங்கும் அரசும் தயாரிக்கும் கம்பெனியும் நாடு நாடாகப் பார்த்தாக வேண்டும்.

சரி, பெடாகுவிலினுக்கு வில்லங்கம் பார்ப்போம்.

தேடுபெட்டியில் 'பெடாகுவிலின்' என்று அடித்தால் போதாதா? போதாது. பழைய ஆவணங்களில் அந்தப் பெயரே இருக்காது. மருந்துகளுக்கு உலகப் பொதுப்பெயர் சூட்டுவது உலக சுகாதார நிறுவனம். மூலக்கூறு சோதனைகளில் ஓரளவு தேறிய பிறகுதான் அந்தப் பெயர் சூட்டல் நடக்கும். காப்புரிமை விண்ணப்பமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போய்விடும். பெடாகுவிலின் ஆய்வுக்கூடத்தில் ஆர்207910 என்றும், பிறகு டிஎம்சி207 என்றும் அழைக்கப்பட்டது. 2003-இல் போன மூல விண்ணப்பத்தின் தலைப்பில் இந்தக் குறியீடுகள்கூடக் கிடையாது. குயினோலின் வழிப்பொருள்களும் மைக்கோபாக்டீரியத் (காசநோய்க் கிருமியின் இனம்) தடுப்பானாக அவற்றின் பயன்பாடும் என்று பொத்தாம்பொதுவாக இருக்கும்.

உள்ளே போனால் இன்னும் மோசம். ஒரு படம் வரைந்து, இந்த மூலையில் ஹைட்ரஜனோ புரோமினோ இருக்கலாம், அந்த மூலையில் இன்னின்ன கூட்டங்களில் எதுவும் இருக்கலாம் என்று ஒரே வாய்ப்பாட்டில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை அடைத்திருப்பார்கள். அதில் ஒன்றுதான் பின்னாளில் மருந்தாகும். எது என்று அப்போதே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே தேடுகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு வேறு பிடிகளைத் தேடுகிறார்கள். மூலக்கூறின் வடிவத்தையே வரைந்து தேட உதவும் தளங்கள் இருக்கின்றன, பப்கெம் அதில் ஒன்று. இன்னொரு பிடி, வகைப்பாட்டு எண். நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் இருப்பதுபோல் காப்புரிமைகளுக்கும் உலக அளவில் உண்டு. காசநோய் மருந்துகளுக்கு A61P 31/06, குயினோலின் வளையம் உள்ள சேர்மங்களுக்கு C07D 215. இரண்டையும் சேர்த்து, விண்ணப்பித்த கம்பெனியின் பெயரையும் போட்டால் குவியல் சட்டென்று சிறுத்துவிடும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் தளத்தில் இதை வீட்டிலிருந்தே செய்யலாம். ஓர் ஆவணம் சிக்கிவிட்டால் அதன் குடும்பமே வந்துவிடும். ஒரே கண்டுபிடிப்புக்கு நாடு நாடாகப் போன விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே முன்னுரிமைத் தேதியால், அதாவது முதன்முதலில் விண்ணப்பம் போன தேதியால், கட்டப்பட்டிருக்கும்.

அந்தத் தேதியில்தான் புதிதாகப் பார்க்கிறவர்கள் வழுக்குவார்கள். பெடாகுவிலின் மூல ஆவணத்தில் 2002 ஜூலை 25 என்ற தேதி முதலில் கண்ணில் படும். அது முன்னுரிமைத் தேதி. கண்டுபிடிப்பு புதியதா என்று அளப்பதற்கு அந்தத் தேதி. 20 ஆண்டு எண்ணிக்கை தொடங்குவது, நாடு நாடாகப் போவதற்கு முன் பொதுவாகப் போடும் சர்வதேச விண்ணப்பம் போன 2003 ஜூலை 18-இலிருந்து. கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன தேதி இப்படி வந்ததுதான்.

அத்துடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. ஒரு மருந்துக்கு ஒரு காப்புரிமை என்பது அபூர்வம். மூலக்கூறுக்கு ஒன்று, அதன் உப்புக்கு ஒன்று, படிக வடிவத்துக்கு ஒன்று, கூட்டு மாத்திரைக்கு ஒன்று, குழந்தைகளுக்கான அளவுக்கு ஒன்று என்று அடுத்தடுத்து விண்ணப்பங்கள் போகும். லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற இரண்டு எச்ஐவி மருந்துகளை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இப்படித் தோண்டியபோது 108 காப்புரிமைகள் கிடைத்தன. அவை எல்லாம் நிலைத்திருந்தால் அமெரிக்காவில் ஜெனரிக் வருவது குறைந்தது 2028 வரை தள்ளிப்போகலாம் என்று கணக்கிட்டார்கள்.

பெடாகுவிலினுக்கும் அப்படி ஒன்று வரிசையில் நின்றது. மருந்து மூலக்கூறைத் தனியாக விட்டால் பல நேரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, சேமிப்பில் நிலைக்காது. ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினால் இரண்டும் மேம்படும். மருந்து வேதியியலில் இது அன்றாட வேலை. பெடாகுவிலினை ஃபியூமரிக் அமிலத்தோடு சேர்த்த உப்புக்கு 2007 டிசம்பரில் தனியாக ஒரு சர்வதேச விண்ணப்பம் போனது. அது மும்பை அலுவலகத்துக்கு வந்தபோது எண் 1220, ஆண்டு 2009. அது மட்டும் வழங்கப்பட்டிருந்தால் 2023-இல் முடிய வேண்டியது 2027 டிசம்பர் வரை நீண்டிருக்கும். கடையில் கிடைக்கும் மாத்திரையில் இருப்பது இந்த ஃபியூமரேட் உப்புதான்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் ஓர் அருமையான வாசல் இருக்கிறது. பிரிவு 25(1)-இன்படி, காப்புரிமை வழங்கப்படும் முன்பே 'எவரும்' எதிர்ப்புத் தெரிவிக்கலாம். போட்டிக் கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. 2019-இல் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த புமேசா டிசிலேயும் அந்த வாசலில் நுழைந்தார்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்து சிகிச்சையின் நச்சுத்தன்மையால் இருவருமே காது கேட்கும் திறனை இழந்தவர்கள். அப்படிப்பட்ட ஊசிகள் இல்லாமலே சிகிச்சை தரலாம் என்ற நிலையைக் கொண்டுவந்த மருந்துகளில் முக்கியமானது பெடாகுவிலின். ஆகவே அவர்களுக்கு அது வெறும் வழக்கு எண்ணாக இருந்திருக்க முடியாது.

எதிர்ப்பு மனுவில் கண்ணீர் எடுபடாது, ஆவணம்தான் எடுபடும். கம்பெனியின் முந்தைய காப்புரிமை ஆவணங்களையே எடுத்து வைத்து, மூலக்கூறும் அதை உப்பாக்கும் வழியும் ஏற்கெனவே வெளியானவை, இதில் புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை என்று வாதிட்டார்கள். பிரிவு 3(டி)-யும் சேர்ந்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், அதன் பலனைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டாவிட்டால் கண்டுபிடிப்பு ஆகாது என்பது அந்தப் பிரிவு. 2023 மார்ச் 23 அன்று மும்பை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. செப்டம்பர் கடைசியில், 134 வளரும் நாடுகளில் பெடாகுவிலின் காப்புரிமைகளைச் செயல்படுத்த மாட்டோம் என்று ஜான்சன் அண்ட் ஜான்சன் அறிவித்தது.

பிரிவு 3(டி) இந்தப் பலத்தைப் பெற்ற கதை சென்னையில் தொடங்குகிறது. 1998 ஜூலையில் நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1602/எம்ஏஎஸ்/98 என்ற எண்ணில் விண்ணப்பித்தது. நடு எழுத்துகள் மெட்ராஸைக் குறிப்பவை. கேட்டது இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு. கடையில் அதன் பெயர் கிளிவெக், ஒருவகை ரத்தப் புற்றுநோயை உயிர்க்கொல்லி என்ற நிலையிலிருந்து நாள்தோறும் மாத்திரை போட்டுச் சமாளிக்கும் நோயாக மாற்றிய மருந்து. அப்போது மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். இந்திய ஜெனரிக் 8,000 முதல் 10,000 வரை. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) செல்லாது என்று போட்ட வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பை 3(டி)-க்காகப் படிக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு பகுதி. இமாடினிப் மெசிலேட் ஏற்கெனவே தெரிந்த பொருளா என்பது அங்கே முக்கியமான கேள்வி. முந்தைய அமெரிக்கக் காப்புரிமை, அதாவது சிம்மர்மன் காப்புரிமை, இமாடினிப்பை மட்டுமே வெளிப்படுத்தியது, மெசிலேட் உப்பை அல்ல என்பது நோவார்ட்டிஸின் வாதம். நீதிமன்றம் வெளிநாட்டுத் தாள்களை எடுத்துப் பார்த்தது. அமெரிக்காவில் கிளிவெக்குக்கு மருந்து அனுமதி வாங்கியபோது அதே சிம்மர்மன் காப்புரிமையைத்தான் அந்த மருந்துக்கு உரியது என்று காட்டியிருந்தார்கள். அதன் காலத்தை நீட்டிக்கக் கேட்டபோதும் அதே. பிரிட்டனில் நாட்கோ என்ற இந்திய ஜெனரிக் நிறுவனம் இமாடினிப் மெசிலேட் விற்கப் போனபோது, சிம்மர்மன் காப்புரிமையைக் காட்டித்தான் வக்கீல் நோட்டீஸ் போயிருந்தது. அங்கே 'இது எங்கள் காப்புரிமைக்குள் இருக்கிறது', இங்கே 'அதற்குள் இல்லை'. ஒரு நாட்டில் கொடுத்த தாள் இன்னொரு நாட்டில் சாட்சி சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லா நாட்டிலும் இப்படித் தோண்ட ஆள் இருக்குமா? ஒரு சிறிய ஆப்பிரிக்க நாட்டின் மருந்துக் கொள்முதல் அதிகாரிக்கு வேதியியல் படங்களோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. காப்புரிமை இருக்கிறதோ இல்லையோ என்ற சந்தேகமே விலையுயர்ந்த பிராண்டை வாங்க வைத்துவிடும். இதற்காகத்தான் ஜெனீவாவிலுள்ள மெடிசின்ஸ் பேட்டண்ட் பூல் அமைப்பு 2016-இல் மெட்ஸ்பால் என்ற தரவுத்தளத்தைத் திறந்தது. மருந்தின் பொதுப்பெயரையும் நாட்டையும் கொடுத்தால், விண்ணப்பம் நிலுவையிலா, வழங்கப்பட்டதா, எதிர்ப்பு உண்டா, எப்போது முடியும், ஜெனரிக் உரிமம் இருக்கிறதா என்று காட்டும். பெயருக்கும் காப்புரிமை எண்ணுக்கும் நடுவில் இருந்த பாலத்தை ஒருமுறை கட்டி எல்லோருக்கும் விட்டுவிட்டார்கள். இதே போல், மருந்துக் கம்பெனிகளே தங்கள் காப்புரிமை விவரங்களைத் தரும் பேட்-இன்ஃபார்ம்டு என்ற தளம் 2018-இல் வந்தது. கம்பெனி தானாகச் சொன்னதை மட்டும் நம்பாமல், அந்தந்த நாட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வகைத் தகவலும் உண்டு. காப்புரிமை வைத்திருப்பவர் அதை இந்தியாவில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று படிவம் 27-இல் தெரிவிக்க வேண்டும். பேயர் நிறுவனத்தின் நெக்சவார் புற்றுநோய் மருந்து மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் அது எட்டியது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, 2012 மார்ச் 9 அன்று நாட்கோவுக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளர் சம்மதம் இல்லாமலே தயாரித்து விற்கும் உரிமம், வழங்கப்பட்டது. மாத விலை 8,880 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நிர்ணயித்தார்கள். பேயரே தாக்கல் செய்த படிவம் 27 விவரங்களும் அந்த வழக்கில் ஆதாரமாயின.

2024 மார்ச்சில் விதிகள் மாறின. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த படிவம் 27 இனி மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை வந்தால் போதும். காப்புரிமை வழங்கும் முன் எதிர்ப்பதற்கு முன்பு கட்டணம் கிடையாது. இப்போது உண்டு. எதிர்ப்பு விசாரிக்கத் தக்கதா என்று அதிகாரி முதலில் பார்த்து முடிவு செய்வார். வீண் எதிர்ப்புகளால் தாமதம் என்பது அரசின் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் பெடாகுவிலின் உப்பை எதிர்த்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள் என்பதை நினைத்தால், கட்டணத்தையும் சல்லடையையும் போட்டிக் கம்பெனிகளுக்கு மட்டும் வைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.