பெயரைத் தேடும் முன் தோல்வியைப் படியுங்கள்

தொடர் தோல்வியில் தவிக்கும் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் நிர்வாகத்தினர் என்னை அழைக்கும்போது, நான் போய்ச் சேர்வதற்குள் புதிய பயிற்சியாளருக்கான மூன்று நான்கு பெயர்கள் கொண்ட பட்டியல் தயாராகிவிட்டிருக்கும். ஆட்டப் பகுப்பாய்வாளனாகப் பல பயிற்சியாளர் தேர்வுகளில் உடனிருந்தவன் என்ற முறையில், அப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அணி ஏன் தோற்கிறது என்று கேட்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். இப்போதைய பயிற்சியாளரின் பேச்சை வீரர்கள் கேட்பதில்லை என்பார்கள். அது மெய்யாகவே இருந்தாலும், தோல்விக்கு அது காரணமா, தோல்வியின் விளைவா என்பதை எவரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள்.

கால்பந்தில் கோல்கள் அரிதாகவே விழுவதால், பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களின் முடிவில் அதிர்ஷ்டத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது. எனவே புள்ளிப் பட்டியலோடு நில்லாமல், கோலை நோக்கிய ஒவ்வொரு உதையும் எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, எத்தனை கோல்கள் விழுந்திருக்கலாம் என்று கணக்கிடப்படும் எதிர்பார்ப்புக் கோல் அளவையும் பார்க்க வேண்டும். 2014-15 பருவத்தில் யூர்கன் க்ளோப் பயிற்றுவித்த டார்ட்மண்ட் அணி, பிப்ரவரியில் ஜெர்மன் லீக்கின் கடைசி இடம்வரை சரிந்து, பருவ முடிவில் ஏழாம் இடத்தில் நின்றது. இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் தரவு ஆய்வுக் குழுவோ, அந்தப் பருவத்தில் டார்ட்மண்ட் உருவாக்கிய வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளையும் அலசி, அதன் ஆட்டம் பட்டியலில் அது பெற்ற இடத்தைவிட வெகுவாக மேலானது என்று கண்டது. 2015 அக்டோபரில் லிவர்பூல் க்ளோப்பை அமர்த்தியது. 2019இல் ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கையும் 2020இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கையும் வென்றது.

புதியவர் வந்தாலே அணி எழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் சோதிக்கத்தக்கது. நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான முடிவுகளைக் கொண்டு, பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும் அதேபோல் சரிந்திருந்தும் மாற்றாத அணிகளையும் ஓர் ஆய்வு ஒப்பிட்டபோது, மாற்றாதவையும் அவ்வாறே மீண்டிருந்தது தெரியவந்தது. இதைக் காட்டி எந்த நிர்வாகத்தையும் நான் தடுத்ததில்லை. மாற்றம் தேவைப்படும் தருணங்கள் உண்டு. ஆனால் வருபவர் கையிருப்பில் உள்ள வீரர்களுக்குப் பொருந்தவில்லையெனில், பணமும் காலமும்தான் செலவாகும்.

2017இல் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் அணி, பந்தை விரைந்து முன்னோக்கி அனுப்பும் நேரடி ஆட்டத்துக்குப் பழகிய வீரர்களிடம் பந்தைத் தக்கவைத்து ஆடும் முறையைப் புகுத்த ஃபிராங்க் டி போரை அழைத்துவந்தது. நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லாமல் தோற்றதும் அவர் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ராய் ஹாட்ஜ்சன், பெரும்பாலும் அதே வீரர்களை அவர்கள் அறிந்த எளிய அமைப்பில் நிறுத்தி அணியை 11ஆம் இடத்தில் முடித்தார். 2022 அக்டோபரில் ஜெர்மன் லீக்கில் லெவர்குசன் அணி 17ஆம் இடத்தில் கிடந்தபோது பொறுப்பேற்ற சாபி அலோன்சோவுக்கு, முதன்மை அணியை நடத்திய அனுபவமே இல்லை. அவர் முதலில் தற்காப்பை இறுக்கி, வேகமான வீரர்களைக் கொண்டு எதிர்த்தாக்குதல் ஆடவைத்தார். தமக்கேற்ற வீரர்கள் அடுத்த கோடையில் வந்த பிறகே பந்தை ஆளும் ஆட்டத்துக்கு முழுமையாக மாறி, 2023-24இல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றார். இந்த வரிசைமுறைதான் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது.

ஆகவே நேர்காணலுக்கு வரும் பயிற்சியாளரைத் தத்துவம் பேசவிடாதீர்கள். அணி தோற்ற இரண்டு ஆட்டங்களின் காணொளியை முன்கூட்டியே அனுப்பி, இருக்கிற வீரர்களைக் கொண்டே எதை மாற்றுவார், முதல் வாரப் பயிற்சியில் என்ன செய்வார் என்று விளக்கச் சொல்லுங்கள். ஓர் அணி இதைச் செய்யாமல் இரண்டே நாளில் ஒருவரை அமர்த்தியது. அவருடைய அமைப்புக்கு இரு ஓரங்களிலும் முழு நீளத்துக்கு ஓடக்கூடியவர்கள் தேவை. அணியில் அத்தகையோர் ஒருவர்கூட இல்லை, புதிய வீரர்களைச் சேர்க்க அனுமதிக்கப்படும் வீரர் மாற்றக் காலமோ முந்தைய வாரமே முடிந்திருந்தது. அவர் பெயரைப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் தேர்வு செய்ய எண்ணும் பயிற்சியாளரைப் பற்றி அவருடைய முன்னாள் வீரர்களிடம் விசாரிக்கும்போது, நட்சத்திரங்களைவிட மாற்று இருக்கையில் அமர்ந்திருந்தவர்களிடம் கேளுங்கள். ஆடாதவர்களை ஒருவர் நடத்தும் விதம்தான் தோல்விக் காலத்தில் ஓய்வறையைக் காக்கும். ஒப்பந்தத்தில், அணி கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படும் தரமிறக்கம் நேர்ந்தால் ஊதியம் என்னவாகும், இடையில் நீக்கினால் எவ்வளவு இழப்பீடு, அவர் அழைத்துவரும் உதவியாளர்களும் அவருடனேயே வெளியேறுவார்களா என்பவற்றை, இரு தரப்பும் இன்முகத்துடன் இருக்கும் முதல் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.