கும்பிடுபூச்சி வளர்க்கிறீர்களா? முதலில் மூடியைப் பாருங்கள்

கால்நடை மருத்துவர் என்று போர்டு மாட்டினால் நாயும் பூனையும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். மழை விட்டதும் டப்பாவில் கும்பிடுபூச்சியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருகிறார்கள். போன வாரம் வந்தவன் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில் ஆணியால் குத்திய ஐந்தாறு ஓட்டை, அடியில் காய்ந்த புல். பூச்சியின் சிறகு கசக்கிப்போட்ட காகிதம் மாதிரி இருந்தது, பின்னங்கால் ஒன்று வளைந்திருந்தது. "யாரும் அடிக்கல டாக்டர், காலையில பாத்தா இப்படி இருக்கு" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை, ராத்திரி அது தோலுரித்திருக்கிறது. கும்பிடுபூச்சி வளர வளரப் பல தடவை தோலுரிக்கும். கூரையைப் பின்னங்கால்களால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி நழுவி வெளியே வரும், அப்போது உடம்பு அவ்வளவு மென்மையாக இருக்கும், தொங்கும் எடையிலேயே காலும் சிறகும் நீண்டு சில மணி நேரத்தில் இறுகும். வழுக்கும் தகர மூடியிலிருந்து நடுவில் விழுந்துவிட்டால் எப்படி விழுந்ததோ அப்படியே இறுகிப்போகும். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

அதனால் டப்பா வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். பூச்சியின் நீளத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு உயரம், இரண்டு மடங்கு அகலம். நம் தோட்டத்துப் பெரிய பச்சைப் பூச்சி 8 செ.மீ. வந்துவிடும், அப்படியென்றால் 25 செ.மீ. உயரமாவது வேண்டும். மேலே நைலான் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள்; பிடிக்கவும் வசதி, காற்றும் வரும். இரும்பு வலை வேண்டாம், பாதத்தின் நுனி அதில் மாட்டிச் சேதமாகும். ஓரத்தில் சாய்வாக ஒரு குச்சி போதும். அழகுக்காக உள்ளே காடு வளர்க்காதீர்கள், தொங்கும்போது கீழே காலியாக இருக்கவேண்டும்.

தரைக்கு டிஷ்யூ பேப்பர் போதும். தண்ணீர்க் கிண்ணமும் தேவையில்லை, தினம் ஒரு தடவை பக்கவாட்டில் லேசாகத் தெளித்தால் துளிகளைக் குடித்துக்கொள்ளும். கண்ணாடி டப்பாவை வெயிலில் வைத்தால் பூச்சி வெந்துவிடும்.

தோலுரிப்பதற்குச் சில நாள் முன்பே சாப்பாட்டை ஒதுக்கும். பாவம் பட்டினி என்று இன்னும் நாலு சுவர்க்கோழியைப் பிடித்து உள்ளே விடுவார்கள், அவை தொங்கிக்கொண்டிருக்கும் மென்மையான பூச்சியைக் கடித்துவைக்கும். மிச்ச இரையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், தோலுரித்த பிறகும் ஒரு நாள் பொறுத்துத்தான் இரை கொடுக்கவேண்டும்.

பலரும் யோசிக்காத விஷயம் கொசு லிக்விட். அது பூச்சியைக் கொல்லும் மருந்து, கொசு எது, கும்பிடுபூச்சி எது என்று அதற்குத் தெரியுமா? டப்பா இருக்கும் அறையில் லிக்விட், சுருள், ஸ்ப்ரே எதுவுமே கூடாது. மருந்தடித்த செடியின் குச்சியும் அந்த வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் அதே கதைதான்.

அப்புறம், ஒரு டப்பாவுக்கு ஒரே பூச்சி. துணைக்கு என்று இன்னொன்றை விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். முட்டைக்கூட்டை எடுத்து வராதீர்கள், பொரித்தால் நூறுக்கு மேல்கூட வரலாம், குஞ்சுகளுக்குத் தீனியாக அவ்வளவு பழ ஈக்கு எங்கே போவீர்கள்? தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள, காய்ந்த சருகு போன்ற, வயலின் வாத்தியத்தின் பெயர்கொண்ட கும்பிடுபூச்சி (violin mantis) மட்டும் வயிறு நிறைந்திருந்தால் சேர்ந்து வாழும், ஆனால் பறக்கும் ஈயும் நல்ல சூடும் கேட்கும், புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சரிவராது.

ராத்திரி கண் கறுத்துப்போனது என்று பதறி போன் செய்கிறார்கள். இருட்டில் கண் கறுப்பது இயல்பு, காலையில் பழையபடி ஆகிவிடும். இளம்பூச்சிக்கு நடுக்காலோ பின்னங்காலோ உதிர்ந்தாலும் அடுத்தடுத்த தோலுரிப்பில் முளைக்கும். சிறகு வந்துவிட்டால் மேற்கொண்டு தோலுரிக்காது, அந்தப் பையனின் பூச்சிக்குச் சிறகு அப்படியேதான் இருக்கும். முன்னங்கால்கள் நன்றாக இருந்ததால், இடுக்கியில் ஈயை நீட்டினால் பிடித்துச் சாப்பிடும் என்று காட்டி, கொசுவலைத் துணியும் ஒரு துண்டு கொடுத்தேன்.

"இனிமே பறக்காதே டாக்டர், மூடி எதுக்கு?"

"தொங்கறதுக்குடா."